தரையை விடாத கார்: ஈகிள் மார்க் 3

ஒரு பந்தயக் கார் ஏன் வெல்கிறது என்று கேட்டால், கார் பந்தயத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் எஞ்சினைத்தான் காரணமாகச் சொல்வார்கள். குதிரைத்திறன் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் வெற்றி வந்துவிடும் என்பது இயல்பாகத் தோன்றும் கணக்கு. அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்வதற்கு, 1991 முதல் 1993 வரை அமெரிக்காவின் இம்சா பந்தயத் தொடரில் ஓடிய ஈகிள் மார்க் 3 என்ற காரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அதிலிருந்தது 2.1 லிட்டர் கொள்ளளவும் நான்கே சிலிண்டர்களும் கொண்ட டொயோட்டா டர்போ எஞ்சின். அந்த எஞ்சினோடு, கலந்துகொண்ட 27 பந்தயங்களில் 21ஐ அது வென்றது. அவற்றில் 17 வெற்றிகள் இடையில் ஒரு தோல்வியும் இல்லாமல் அடுத்தடுத்து வந்தவை. அந்த வெற்றிகள் எங்கிருந்து வந்தன என்று புரிந்துகொண்டால், புரோட்டோடைப் பந்தயம் என்ற துறையின் பாதி நமக்கு விளங்கிவிடும்.

முதலில் புரோட்டோடைப் என்ற சொல்லைப் பார்ப்போம். ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களில் பொதுவாக இரண்டு இனங்கள் ஒரே தடத்தில், ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று, ஷோரூமில் விற்கப்படும் காரை அடிப்படையாக வைத்து, அதைப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றியமைத்த கார், இதை ஜி.டி. என்பார்கள். மற்றொன்று, யாருக்கும் விற்பதற்காக அல்லாமல் பந்தயத்துக்காகவே முதல் திருகாணியிலிருந்து வடிவமைக்கப்படும் கார், அதுவே புரோட்டோடைப். முன்மாதிரி என்று பொருள்படும் பெயர் அதற்கு இருந்தாலும், பின்னாளில் சாலைக்கு வரப்போகும் எந்தக் காருக்கும் அது மாதிரி அல்ல. ஃபார்முலா 1 காரிலிருந்தும் இது வேறுபட்டது: சக்கரங்கள் உடற்பகுதியால் மூடப்பட்டிருக்கும், இரவிலும் ஓட வேண்டியிருப்பதால் முகப்பு விளக்குகள் இருக்கும், பல மணி நேரம் ஓடும் பந்தயங்களில் ஒரே காரை இரண்டு மூன்று ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள்.

ஜான் பிஷப் 1969இல் நிறுவிய இம்சா அமைப்பு, 1981இல் ஜி.டி.பி. என்ற புரோட்டோடைப் பிரிவைத் தொடங்கியது. ஐரோப்பாவில் அதே காலத்தில் வந்த குரூப் சி விதிகள், ஒரு பந்தயத்தில் ஒரு கார் செலவிடக்கூடிய எரிபொருளின் அளவுக்கு உச்சவரம்பு வைத்தன. அதனால் அங்கே ஓட்டுநர்கள் எரிபொருள் மானியில் ஒரு கண் வைத்தபடியே ஓட்ட வேண்டியிருந்தது. இம்சா அந்த வழியில் போகவில்லை. எஞ்சினின் கொள்ளளவு கூடக்கூடக் காரின் குறைந்தபட்ச எடையும் கூட வேண்டும் என்ற அளவுகோலை வகுத்தது. எரிபொருளைச் சேமிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், கொடி அசைந்தது முதல் முடியும்வரை முழு வேகத்தில் ஓட்டும் பந்தயமாக அது அமைந்தது.

விதி காரின் உருவத்தை எப்படிச் செதுக்குகிறது என்பதற்கு போர்ஷே 962 ஒரு சான்று. ஐரோப்பாவில் வென்றுகொண்டிருந்த போர்ஷே 956இல் ஓட்டுநரின் பாதங்கள் முன்சக்கர அச்சைத் தாண்டி முன்னே நீண்டிருந்தன. மோதல் நேர்ந்தால் கால்கள் நசுங்கும் ஆபத்து இருந்ததால் இம்சா அதை ஏற்கவில்லை. ஆகவே முன்சக்கரங்களை முன்னுக்குத் தள்ளி போர்ஷே 1984இல் கொண்டுவந்த காரே 962. டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை அது 1985, 1986, 1987, 1989, 1991 ஆகிய ஆண்டுகளில் வென்றது. அதற்கிடையே நிசான் தலையெடுத்தது. நிசான் கார்களை ஓட்டிய ஜெஃப் பிராபம் 1988 முதல் 1991 வரை தொடர்ந்து நான்கு முறை ஜி.டி.பி. சாம்பியன் ஆனார். (அவருடைய தம்பி டேவிட் பிராபம் 2012இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஹோண்டாவின் அமெரிக்கப் பந்தயப் பிரிவு உருவாக்கிய புரோட்டோடைப் ஒன்றை ஓட்டியபோது, அதே காரைப் பகிர்ந்து ஓட்டியவர் சென்னையில் பிறந்த கருண் சந்தோக். அவர்கள் ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தார்கள்.) இப்படி ஒருவர் மாற்றி ஒருவர் ஆதிக்கம் செலுத்திய களத்தில்தான் ஈகிள் மார்க் 3 வந்து இறங்கியது.

இனி இந்தக் கட்டுரையின் மையமான விஷயத்துக்கு வருவோம். பந்தயத் தடத்தில் நேர்ப்பாதையைவிட வளைவுகள்தான் நேரத்தைத் தின்கின்றன. வளைவில் ஒரு கார் எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்பதைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, டயர்களுக்கும் சாலைக்கும் இடையிலான பிடிமானம். அந்தப் பிடிமானம் டயரைத் தரையோடு சேர்த்து அழுத்தும் விசையைப் பொறுத்தது. அழுத்தத்தைக் கூட்ட எடையைக் கூட்டலாமே என்று தோன்றும். ஆனால் எடை கூடினால் வளைவில் காரை வெளிப்புறம் இழுக்கும் போக்கும் அதே அளவில் கூடிவிடும் என்பதால் லாபம் ஏதும் இல்லை. எடையைக் கூட்டாமல் அழுத்தத்தை மட்டும் கூட்ட வேண்டும். அதைச் செய்யக்கூடியது காற்று ஒன்றுதான். காற்று காரைக் கீழ்நோக்கி அழுத்தும் இந்த விசையைப் பந்தய உலகில் டவுன்ஃபோர்ஸ் என்பார்கள். நாம் கீழழுத்தம் என்று சொல்லலாம்.

இதன் மதிப்பைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 900 கிலோ எடையுள்ள ஒரு கார் 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புகிறது. அதன் டயர்கள் தம்மீது இறங்கும் அழுத்தத்தைப் போல 1.4 மடங்கு பக்கவாட்டு விசையைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். கீழழுத்தமே இல்லாவிட்டால் அந்த வளைவில் அந்தக் கார் மணிக்குச் சுமார் 133 கிலோமீட்டர் வேகத்தில்தான் வழுக்காமல் போக முடியும். காற்று மட்டும் 1800 கிலோவுக்கு ஈடான விசையால் காரைக் கீழே அழுத்தினால், அதே டயர்களோடு, அதே வளைவை மணிக்கு 231 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். எஞ்சினில் ஒரு குதிரைத்திறனும் கூட்டாமல் கிடைத்த வேகம் இது.

காற்று அப்படி அழுத்துவது எவ்வாறு? இரண்டு தாள்களை முகத்துக்கு நேரே, நான்கு விரல் இடைவெளி விட்டு, தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு நடுவில் பலமாக ஊதிப் பாருங்கள். அவை விலகிப் போகும் என்று எதிர்பார்ப்போம். மாறாக, ஒன்றையொன்று நெருங்கி வந்து ஒட்டப் பார்க்கும். குறுகிய இடைவெளியில் வேகமாக ஓடும் காற்றின் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் அப்படியே இருப்பதால் அது தாள்களை உள்ளே தள்ளுகிறது. இந்த இரண்டு தாள்களில் ஒன்றைச் சாலை என்றும் மற்றொன்றைக் காரின் அடிப்பகுதி என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். காரின் தளத்துக்கும் சாலைக்கும் நடுவில் காற்று நெருக்கிப் பிழியப்பட்டு வேகமெடுக்க வேண்டும். பிறகு, காரின் பின்பகுதியில் மெல்ல மேலெழுந்து விரியும் இரண்டு சுரங்கங்கள் வழியாக அது சிதறாமல் வெளியேற வேண்டும். இப்படிச் செய்தால் காருக்கு அடியில் அழுத்தம் குறைந்து, மேலே இருக்கும் காற்று காரைத் தரையோடு சேர்த்து அமுக்கும். தரை காரை உறிஞ்சுவதுபோல் தோன்றினாலும், உண்மையில் அழுத்துவது நம் தலைக்கு மேலே இருக்கும் வளிமண்டலமே. ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் காற்று ஏறக்குறைய 10 டன் எடையோடு அமர்ந்திருக்கிறது. நான்கு சதுர மீட்டர் பரப்புள்ள தளத்துக்கு அடியில் அந்த அழுத்தத்தை 5 சதவீதம் குறைத்துவிட்டாலே 2 டன் கீழழுத்தம் கிடைத்துவிடும்.

காரின் பின்னால் நிற்கும் இறக்கையும் கீழழுத்தம் தரும். விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்ததுபோன்ற அமைப்பு அது. ஆனால் இறக்கையை நிமிர்த்த நிமிர்த்த அது காற்றை எதிர்த்துக் காரைப் பின்னுக்கு இழுக்கும், நேர்ப்பாதையில் வேகம் குறையும். தளத்துக்கு அடியில் கிடைக்கும் அழுத்தத்துக்கு நாம் கொடுக்கும் விலை அதைவிடக் குறைவு. அதனால்தான் 1980களில் எல்லா புரோட்டோடைப் வடிவமைப்பாளர்களும் காரின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பின்னணியோடு ஈகிளின் சிறிய எஞ்சினைத் திரும்பிப் பார்த்தால், அது குறையாக அல்லாமல் வசதியாகவே தெரியும். போர்ஷே 962இன் எஞ்சினில் சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாக இருபுறமும் படுத்த நிலையில் நீண்டிருக்கும். காற்றுச் சுரங்கங்கள் போக வேண்டிய இடத்தை அந்த அகலமான எஞ்சினே பிடித்துக்கொள்ளும். நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் டொயோட்டா எஞ்சினோ ஒடுங்கியது. அதன் இருபுறமும் சுரங்கங்களுக்குத் தாராளமாக இடம் விட்டது. டர்போவின் துணையால் அது 700க்கும் மேற்பட்ட குதிரைத்திறனையும் தந்தது. ஆகவே கீழழுத்தத்தைக் கூட்டியதால் எழும் காற்றுத் தடையைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான பலத்துக்கும் குறைவில்லை. எஞ்சின் பலத்தையும் காற்றின் வழியையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்காமல், ஒன்றுக்கு மற்றொன்று இடம் கொடுக்கும்படி அமைத்ததே இந்தக் காரின் உயிர்நாடி என்பது என் கணிப்பு.

கீழழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும். பாதியானால் கால் பங்காகும். இதன் விளைவு ஓட்டுநருக்கு விசித்திரமானது. வளைவு பயமுறுத்துகிறதே என்று அவர் வேகத்தைக் குறைத்தால், காற்றின் பிடியும் தளர்ந்துவிடும்; துணிந்து வேகமாக நுழைந்தால் கார் தரையை இன்னும் இறுகக் கவ்விக்கொள்ளும். உடல் முழுவதும் பிரேக்கை மிதிக்கச் சொல்லும் வேளையில், வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கும் பழக்கத்தை ஓட்டுநர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தக் காரை உருவாக்கியது பெரிய தொழிற்சாலை அல்ல. கலிஃபோர்னியாவின் சாண்டா அனா நகரில் டான் கர்னி நடத்திவந்த ஆல் அமெரிக்கன் ரேஸர்ஸ் நிறுவனம். கர்னி 1967இல் பெல்ஜியம் கிராண்ட் பிரீயைத் தன் நிறுவனம் கட்டிய ஈகிள் காரிலேயே ஓட்டி வென்றவர். அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஏ.ஜே. ஃபாய்ட்டுடன் சேர்ந்து லெ மான் பந்தயத்தையும் வென்றிருந்தார். காற்றோடு அவருக்கிருந்த உறவு மிகப் பழையது. 1971இல் ஃபீனிக்ஸ் தடத்தில் நடந்த ஒரு சோதனை ஓட்டத்தில், ஓட்டுநர் பாபி அன்சர் காரில் வேகம் கிடைக்காமல் தவித்தபோது, இறக்கையின் பின்விளிம்பில் விரல் அகலத்துக்கு ஓர் உலோகத் துண்டைச் செங்குத்தாகப் பொருத்தச் சொன்னார் கர்னி. காற்றியல் வல்லுநர்கள் அதுவரை வழவழப்பான, கூர்மையான விளிம்பையே விரும்பிவந்தார்கள். காற்றின் பாதையில் வேண்டுமென்றே ஒரு தடுப்பை நிறுத்துவது அவர்களுக்குத் தவறாகப் பட்டிருக்கும். ஆனால் அந்தச் சிறு தடுப்பு கீழழுத்தத்தைக் கணிசமாகக் கூட்டியது. கர்னி ஃபிளாப் என்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் அந்தத் துண்டு இன்றும் பந்தயக் கார்களில் இருக்கிறது, விமானங்களிலும் ஹெலிகாப்டர்களிலும்கூடப் பயன்படுகிறது.

1980களின் தொடக்கத்தில் டொயோட்டாவோடு கைகோத்த கர்னியின் அணி, முதலில் செலிகா கார்களை வைத்துப் பந்தயத்தில் இறங்கி, அடுத்து ஜி.டி.பி. பிரிவுக்கு ஏறியது. ஈகிள் மார்க் 3இன் வடிவமைப்பை முன்னின்று செய்தவர்கள் ஹிரோ ஃபுஜிமோரியும் ஜான் வார்டும். கார்பன் ஃபைபரால் ஆன அதன் உடற்கூடு அந்தப் பட்டறையிலேயே உருவானது. அதிகக் கீழழுத்தம் இருந்தால் மட்டும் போதாது, அது முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் சரியான விகிதத்தில் பகிர்ந்து கிடைக்க வேண்டும். பின்னால் மட்டும் அழுத்தம் கூடினால் கார் திரும்ப மறுக்கும். முன்னால் மட்டும் கூடினால் பின்பகுதி சுழன்றுவிடும். காரின் எடையைப்போலப் பல மடங்கு அழுத்தம் கிடைத்தும் அது நான்கு சக்கரங்களிலும் ஒழுங்காகப் பரவியிருந்தது என்பதுதான் மார்க் 3ஐத் தனித்துக் காட்டியது.

ஓட்டுநர்களும் அந்தக் காருக்குப் பொருத்தமானவர்களாக வாய்த்தார்கள். 99ஆம் எண் காரை ஓட்டியவர் இரண்டாம் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ. ஐந்து முறை உலக சாம்பியனான அர்ஜென்டினா வீரரின் தம்பி மகன், அதே பெயரைச் சுமந்தவர். 98ஆம் எண் காரை ஓட்டியவர் பி.ஜே. ஜோன்ஸ். அவருடைய தந்தை பார்னெல்லி ஜோன்ஸ் 1963இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்ற காரிலும் 98 என்ற எண்தான் எழுதியிருந்தது.

1992ஆம் ஆண்டே என் பார்வையில் இந்தக் காரின் உண்மையான அளவுகோல். அந்த ஆண்டு எதிரே நின்றவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். நான்கு முறை தொடர்ந்து சாம்பியன் பட்டத்தை வைத்திருந்த நிசான் இருந்தது. முந்தைய ஆண்டில் உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்பை வென்ற ஜாகுவார் எக்ஸ்.ஜே.ஆர்.-14 அமெரிக்காவுக்கு வந்திருந்தது. மாஸ்டாவும் புதிய காரோடு இறங்கியிருந்தது. அவர்கள் எல்லாரையும் தாண்டி ஃபாஞ்சியோ சாம்பியன் ஆனார், டொயோட்டா தயாரிப்பாளர் பட்டத்தை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை ஃபாஞ்சியோவும் ஆண்டி வாலஸும் சேர்ந்து வென்றார்கள். அடுத்த ஆண்டும் அதே இருவர், அதே இடம், அதே வெற்றி.

செப்ரிங் வெற்றியை நான் தனியே குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஃபுளோரிடாவில் இருக்கும் அந்தத் தடம் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளத்தில் அமைந்தது. கான்கிரீட் பலகைகளைப் பதித்துப் போட்ட பழைய ஓடுபாதை அதன் ஒரு பகுதி. ஒவ்வொரு பலகையின் இணைப்பிலும் கார் தூக்கிப்போடும். தளத்துக்கும் சாலைக்கும் இடையே உள்ள சிறிய இடைவெளியை நம்பி ஓடும் காருக்கு இதைவிடக் கடினமான சோதனை கிடையாது. இடைவெளி சட்டென்று விரிந்தால் அழுத்தம் போய்விடும். சுருங்கினால் தளம் தரையில் உரசும். இடைவெளி மாறாமல் இருக்கச் சஸ்பென்ஷனை இறுக்கினால் ஓட்டுநரின் முதுகெலும்பும் காரின் உறுப்புகளும் அடி வாங்கும். அப்படிப்பட்ட சாலையில் 12 மணி நேரம் முன்னணியில் ஓடி முடிப்பதென்றால், காற்றியல் சாதனைக்குச் சமமாக உலோகத்தின் உறுதியும் இருந்திருக்க வேண்டும். 1993 ஜனவரியில் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை பி.ஜே. ஜோன்ஸ், மார்க் டிஸ்மோர், ராக்கி மோரன் ஆகியோர் வென்றபோது அந்த உறுதி ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட்டது.

1993 நிலைமை வேறு. ஜாகுவாரும் மாஸ்டாவும் தொடர் முழுவதும் ஓடும் அணிகளை விலக்கிக்கொண்டன, நிசானும் தொழிற்சாலை ஆதரவை நிறுத்தியது. பழைய போர்ஷேக்களும் சில தனியார் அணிகளும்தான் எஞ்சின. ஈகிள் கலந்துகொண்ட இடமெல்லாம் வென்றது, ஃபாஞ்சியோ மீண்டும் சாம்பியன் ஆனார், ஆனால் துரத்துவதற்கு ஆளில்லை. அந்த ஆண்டோடு ஜி.டி.பி. பிரிவே முடித்துக்கொள்ளப்பட்டது. ஈகிள்தான் ஜி.டி.பி.யைக் கொன்றது என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பழி நியாயமானது அல்ல என்று நினைக்கிறேன். 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சுருங்கிய வேளையில், கார்பன் ஃபைபரும், செயற்கையாகக் காற்றை வீசிக் காரின் வடிவத்தைச் சோதிக்கும் கூடங்களும் சேர்ந்து ஒரு காரின் செலவை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தன. வெல்ல முடியாத ஒரு கார் எதிரே நிற்பது, போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நிறுவனங்களின் முடிவை எளிதாக்கியிருக்கும், அவ்வளவுதான்.

1994இல் இம்சா கொண்டுவந்த வேர்ல்டு ஸ்போர்ட்ஸ் கார் என்ற புதிய பிரிவின் விதிகளைப் பார்த்தால், ஈகிளின் பலம் எங்கே இருந்தது என்பதை அமைப்பாளர்கள் சரியாகப் புரிந்துவைத்திருந்தது தெரியும். புதிய கார்களுக்குக் கூரை இருக்கக் கூடாது, எஞ்சின் சாலைக் கார்களோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், முக்கியமாகக் காரின் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். அடிவயிற்றில் சுரங்கம் தோண்டும் கலைக்கு அத்தோடு இடமில்லாமல் போயிற்று. வேகம் உடனே குறைந்தது. பல தடங்களில் ஈகிள் பதித்துவிட்டுப் போன சுற்று நேரங்கள் பல ஆண்டுகள் அசையாமல் நின்றன.

2023இல் இம்சா ஜி.டி.பி. என்ற பெயரை ஹைபிரிட் புரோட்டோடைப்களுக்காகத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. இம்முறை கீழழுத்தமும் காற்றுத் தடையும் குறிப்பிட்ட எல்லைகளுக்குள் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அதற்கு மேலும் ஒவ்வொரு காரின் எடையையும் திறனையும் அவ்வப்போது சற்றே கூட்டியும் குறைத்தும் எல்லாக் கார்களையும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வடிவமைப்பாளர் ஒருவர் மற்றவர் காணாத ஒன்றைக் கண்டுபிடித்து ஒரே பாய்ச்சலில் முன்னே போவதற்கு இங்கே வழியில்லை. டயரைப் பேணுவதிலும், டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் கார் நிற்கும் பிட்டில் வினாடிகளை மிச்சப்படுத்துவதிலும்தான் முன்னிலை கிடைக்கிறது. இந்தக் காலத்தின் வலிமையான கார்களில் ஒன்றான போர்ஷே 963, 2024 ஜனவரியில் டேடோனாவை வென்றபோது, 24 மணி நேர ஓட்டத்தின் முடிவில் இரண்டாவதாக வந்த காடிலாக் அதற்குப் பின்னால் இரண்டு வினாடிகளுக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருந்தது.